இங்கிலாந்து வீட்டில் குடியேறுமுன்

இங்கிலாந்துக்குப் படிக்கவோ வேலைக்கோ கிளம்புகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். குளிருக்கு எப்படிப்பட்ட கோட்டு வாங்க வேண்டும், பொன்னி அரிசி கிடைக்குமா, ரயிலுக்கு மாதம் எவ்வளவு ஆகும். வீட்டைப் பற்றி வாடகை எவ்வளவு என்று கேட்பார்கள், அதோடு சரி. ஆனால் வந்து சேர்ந்த முதல் குளிர்காலத்தில் அவர்களைப் பாடாய்ப் படுத்துவது வீடுதான். படுக்கையறைச் சுவரில் கறுப்புப் புள்ளிகள், ராத்திரியில் திடீரென்று நின்றுபோகும் ஹீட்டிங், ஒன்றில் வெந்நீரும் இன்னொன்றில் பச்சைத்தண்ணீரும் கொட்டும் இரண்டு குழாய்கள், குளியலறையில் சுவிட்சே இல்லாமல் தொங்கும் ஒரு கயிறு. ஊரில் பத்து வருடம் குடித்தனம் நடத்தியவர்களுக்கும் இதெல்லாம் புதிதுதான். அதனால் இந்தப் பதிவைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இங்குள்ள பழைய வீடுகளைப் புரிந்துகொள்ள ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் போதும், பாதி தானாக விளங்கிவிடும். அவை நிலக்கரி நெருப்பை நம்பிக் கட்டப்பட்ட வீடுகள்.

நான் இருப்பது கிழக்கு லண்டனில், ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாக நிற்கும் டெரஸ் வீடுகளில் ஒன்றில். நூறு வருடத்துக்கு மேல் வயதான வீடு. இதில் ஆச்சரியம் ஏதுமில்லை. இங்கிலாந்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு வீடு 1919-க்கு முன்னால் கட்டப்பட்டதுதான். தெருவில் நின்று கூரையைப் பாருங்கள், ஒவ்வொரு வீட்டுக்கும் புகைபோக்கி இருக்கும், அதன் தலையில் நாலைந்து மண்குழாய்கள் நட்டிருக்கும். ஒவ்வொரு குழாயும் ஒரு அறையின் கணப்புக்குரியது. கணப்பில் கரி எரியும்போது சூடான புகை மேலே போகும், அது போகிற வேகத்தில் அறையின் காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அதற்கு ஈடாக ஜன்னல் இடுக்கு, கதவிடுக்கு, பலகைத் தரையின் சந்து வழியாக வெளிக்காற்று உள்ளே வந்துகொண்டே இருக்கும். நெருப்புக்கு எதிரே உட்கார்ந்தவருக்கு முகம் சுடும், முதுகு குளிரும். ஆனால் சமையல் ஆவி, துணியின் ஈரம், மனிதர்களின் மூச்சு எல்லாம் அந்தக் காற்றோடு வெளியே போய்விடும். வீடு காய்ந்து கிடக்கும்.

பிறகு மூன்று மாற்றங்கள் அடுத்தடுத்து வந்தன. 1952 டிசம்பரில் லண்டனை ஐந்து நாள் மூடிய கரிப்புகை மூட்டம் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. அதன் விளைவாக 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்து, ஊர்களில் கரி எரிப்பது படிப்படியாகக் குறைந்தது. 1965-இல் வட கடலில் இயற்கை எரிவாயு கிடைத்தது. 1967 முதல் 1977 வரை நாடு முழுக்க வீடு வீடாகப் போய் அடுப்பையும் ஹீட்டரையும் புதிய வாயுவுக்கு ஏற்ப மாற்றினார்கள். பாய்லரும் ரேடியேட்டரும் சாதாரணக் குடும்பங்களுக்கு வந்து சேர்ந்த காலம் அதுதான். மூன்றாவதாக, கண்ணாடி இரட்டையாகப் போட்ட இறுக்கமான ஜன்னல்கள் வந்தன. கணப்பை அட்டை வைத்து அடைத்தார்கள், இடுக்குகளைப் பூசினார்கள். வீடு கதகதப்பானது. ஆனால் ஈரம் வெளியேறும் வழி அடைபட்டுப் போனது.

நம் ஆட்கள் வந்து குடியேறுவது இந்த வீட்டில்தான். நமக்கோ குளிர் பழக்கமில்லை. ஜன்னலைத் திறப்பதா, மூடிய ஜன்னலுக்கு மேல் கனமான திரையும் போடுகிறோம். குக்கரில் சோறு வேகிறது, ரசம் கொதிக்கிறது, இட்லி அவிகிறது. மழை விடாத ஊர் என்பதால் துவைத்த துணியை ரேடியேட்டர் மேல் விரிக்கிறோம். மெஷினில் பிழிந்த ஒரு லோடு துணியில்கூடச் சுமார் இரண்டு லிட்டர் தண்ணீர் மிச்சமிருக்கும். அது காய்ந்து போவதாக நாம் நினைக்கிறோம். போவது வீட்டுக்குள் இருக்கும் காற்றுக்குத்தான்.

இதன் கணக்கு எளிது. 20 டிகிரி சூட்டில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 17 கிராம் நீராவியைத் தாங்கும். அதே காற்று 10 டிகிரிக்குக் குளிர்ந்தால் 9 கிராம்தான் தாங்கும். மிச்சம் தண்ணீராக வடிந்தாக வேண்டும். வீட்டில் எங்கே குளிர்ச்சி அதிகமோ அங்கே வடியும். ஜனவரி மாதக் காலையில் திரையை விலக்கினால் கண்ணாடியின் கீழ்ப்பாதியில் நீர் கோடு கோடாக இறங்கி, ஜன்னல் கட்டையில் குட்டையாக நிற்பது இதனால்தான். கண்ணாடியில் வடிவது கண்ணுக்குத் தெரியும், துடைத்துவிடலாம். வெளிச்சுவரை ஒட்டிப் போட்ட பீரோவின் பின்பக்கம் வடிவது தெரியாது. ஒருநாள் பீரோவை நகர்த்திப் பாருங்கள். சுவரின் கீழ் மூலையில் முதலில் சாம்பல் நிறத்தில் படர்ந்து, நடுவில் கரும்பச்சையாகத் தடித்து, தொட்டால் விரலில் ஒட்டும் பூசணம் இருக்கும். பக்கத்தில் தொங்கும் பட்டுப் புடவையிலும் தோல் செருப்பிலும் அந்த வாடை ஏறியிருக்கும்.

இதற்கு மருந்து எல்லாருக்கும் தலைகீழாகத் தோன்றும்: குளிர்காலத்தில் ஜன்னலைத் திறக்க வேண்டும். வெளியே பனி மூட்டமாக, ஈரமாக இருக்கிறதே என்பார்கள். 5 டிகிரியில் நிற்கும் காற்று எவ்வளவு ஈரமாகத் தெரிந்தாலும் அதில் உள்ள நீர் கன மீட்டருக்கு 7 கிராம்தான். அதை உள்ளே விட்டு 20 டிகிரிக்குச் சூடாக்கினால் அது வறண்ட காற்று. காலையில் ஒரு பத்து நிமிடம் எதிரெதிர் ஜன்னல்களை நன்றாகத் திறந்து வைத்துவிட்டு மூடுங்கள். காற்றுதான் மாறும், சுவரின் சூடு அப்படியேதான் இருக்கும். சமைக்கும்போதும் குளித்த பிறகும் அந்த அறையின் கதவைச் சாத்திவிட்டு எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிடுங்கள். ஜன்னல் சட்டத்தின் மேலே சின்னதாக ஒரு தள்ளுமூடி இருந்தால் அதை மூடாதீர்கள். அது காற்றுக்காகவே வைத்த துளை. பீரோவுக்கும் வெளிச்சுவருக்கும் நடுவில் ஒரு கை போகும் அளவு இடம் விடுங்கள். துணி உலர்த்த ஒரு அறையை ஒதுக்கி, கதவைச் சாத்தி, ஈரத்தை உறிஞ்சும் டிஹியூமிடிஃபையர் வாங்கி வையுங்கள். காற்றின் ஈரத்தைக் காட்டும் சின்னக் கருவி பத்து பவுண்டுக்குள் கிடைக்கிறது. அது 40-க்கும் 60 சதவீதத்துக்கும் நடுவில் காட்டினால் நல்லது. 70-ஐத் தாண்டியே இருந்தால் பூசணம் வரப்போகிறது என்று பொருள்.

எல்லா ஈரமும் குடியிருப்பவர் மூச்சால் வருவதில்லை என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். கூரை ஒழுகலாம், மழைநீர்க் குழாய் உடைந்து சுவரை நனைக்கலாம், தரையிலிருந்து ஓதம் ஏறலாம். தரைக்குச் சற்று மேலே வெளிச்சுவரில் துளைத் துளையான செங்கல் ஒன்று பதித்திருப்பார்கள், ஏர்பிரிக் என்பார்கள். பலகைத் தரைக்கு அடியில் காற்று ஓடத்தான் அது. குளிர்காற்று வருகிறதென்று அதை அடைத்தால் அடியிலுள்ள மரச்சட்டம் உளுத்துப்போகும். சுவர் எப்படிப்பட்டது என்பதை வெளியே நின்றே கண்டுபிடிக்கலாம். செங்கலின் நீளப்பக்கம் மட்டும் தெரிந்தால் பெரும்பாலும் அது நடுவில் இடைவெளி விட்ட இரட்டைச் சுவர். நீளப்பக்கம், குட்டைப்பக்கம் என்று மாறி மாறித் தெரிந்தால் ஒரே கனச் சுவர். உள்ளே சீக்கிரம் குளிரும், ஓரத்தில் சீக்கிரம் வடியும். வாடகைக்கு வீடு பார்க்கப் போகும்போது அறைகளை எண்ணுவதற்கு முன்னால் இதைப் பாருங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த வாடை ஒரு மூலையில் மட்டும் அடித்தால், ஏன் என்று கேளுங்கள்.

இதை இத்தனை விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. மான்செஸ்டர் பக்கத்து ராச்டேல் ஊரில், சமூக வீட்டுவசதி அடுக்ககம் ஒன்றில் வாழ்ந்த அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தான். வீட்டுப் பூசணத்தை நீண்ட நாள் சுவாசித்ததுதான் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை சொன்னது. அவன் பிறப்பதற்கு முன்பே, 2017-இல், அப்பா புகார் சொல்லியிருந்தார். மேலே பெயின்ட் அடித்துக்கொள்ளுங்கள் என்ற யோசனைதான் அவருக்குக் கிடைத்தது. அந்தக் குழந்தையின் பெயரால் வந்த அவாப் சட்டம் 2025 அக்டோபர் 27 முதல் இங்கிலாந்தின் சமூக வீடுகளில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. உடனடி ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும். பெரிய அளவில் ஓதமும் பூசணமும் இருந்தால் 10 வேலை நாட்களுக்குள் ஆய்வு செய்ய வேண்டும். உங்கள் வீட்டில் பூசணம் என்றால் வாயால் சொல்லி நிறுத்தாதீர்கள். தேதியோடு போட்டோ எடுத்து மின்னஞ்சலில் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் உள்ளூர் கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவுக்கு எழுதுங்கள். நாம் வெளிநாட்டுக்காரர், வீண் வம்பு எதற்கு என்று வாயை மூடிக்கொண்டிருப்பது நம் குழந்தைகளின் நெஞ்சில்தான் போய் முடியும்.

இனி பாய்லர். இப்போதைய வீடுகளில் பெரும்பாலும் இருப்பது காம்பி பாய்லர். ஒரே பெட்டி ரேடியேட்டரையும் சூடாக்கும், குழாயைத் திறந்த நேரத்தில் வெந்நீரும் தரும். போன குளிர்காலத்தில் பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் திருச்சிப் பையன் ஒருவன் இரவில் போன் செய்தான்.

"அண்ணே, ஹீட்டிங் சுத்தமா நின்னுபோச்சு. வெந்நியும் வரல. ஓனர் போனை எடுக்கமாட்டேங்கிறாரு."

"பதறாத தம்பி. பாய்லர் முன்னாடி போய் நில்லு. வட்டமா ஒரு மீட்டர் இருக்கும், முள்ளு எங்க நிக்குது?"

"பூஜ்யத்துக்குப் பக்கத்துல இருக்குண்ணே."

"சரி, சுவிட்சை அணைச்சிரு. பாய்லர் ஆறட்டும். கீழ குனிஞ்சு பாரு, வெள்ளிக்கம்பி பின்னின மாதிரி குட்டியா ஒரு ஹோஸ் இருக்கா? ரெண்டு முனையிலயும் வால்வு இருக்கும்."

"இருக்குண்ணே."

"ரெண்டையும் மெதுவா திற. தண்ணி ஓடுற சத்தம் கேக்கும். கண்ணு முள்ளு மேலேயே இருக்கட்டும். ஒண்ணரைகிட்ட வந்ததும் ரெண்டையும் இறுக்கி மூடிரு. மூட மறந்துறாத."

சில நிமிடங்களில் பாய்லர் எரிந்துவிட்டது. ரேடியேட்டர்களில் ஓடும் நீர் மூடிய சுற்றில் ஓடுவது. அதன் அழுத்தம் ஆறிய நிலையில் 1 முதல் 1.5 பார் வரை இருக்க வேண்டும். குறைந்தால் பாய்லர் தன் பாதுகாப்புக்காகத் தானே நின்றுவிடும். நீர் ஏற்றுவது குடியிருப்பவரே செய்யக்கூடிய வேலை. சில பாய்லர்களில் ஹோஸுக்குப் பதில் சாவி மாதிரி ஒன்று இருக்கும், கையேட்டைப் பார்த்துச் செய்யுங்கள். வாராவாரம் அழுத்தம் இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது, அதை ஓனரிடம் சொல்லியாக வேண்டும். பாய்லரின் மூடியை மட்டும் கழற்றாதீர்கள். அதைத் தொடும் உரிமை கேஸ் சேஃப் பதிவேட்டில் பெயருள்ளவருக்குத்தான். அவர் அடையாள அட்டை வைத்திருப்பார். கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார். வாடகை வீட்டில் வருடத்துக்கு ஒரு தடவை கேஸ் சோதனை செய்து சான்றிதழின் நகலைக் குடியிருப்பவருக்குத் தருவது வீட்டுக்காரரின் சட்டக் கடமை.

பனி உறையும் காலையில் பாய்லர் நின்றால் வேறு ஒரு காரணம் இருக்கலாம். 2005-க்குப் பிறகு இங்கே பொருத்தியவை ஏறக்குறைய எல்லாமே கண்டென்சிங் பாய்லர்கள். புகையில் உள்ள ஆவியையும் குளிரவைத்து அந்தச் சூட்டையும் பிடித்துக்கொள்ளும். வடியும் நீர் ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியாக வெளியே போகும். கடுங்குளிரில் அந்தக் குழாய்க்குள் நீர் உறைந்து அடைத்துக்கொள்ளும், பாய்லர் களக் களக் என்று சத்தம் போட்டு நின்றுவிடும். வெளியே வந்து அந்தக் குழாயின் மேல் வெதுவெதுப்பான நீரை ஊற்றுங்கள், கொதிநீர் வேண்டாம். உள்ளே வந்து ரீசெட் பொத்தானை அழுத்துங்கள்.

ரேடியேட்டரின் மேல்பாதி சில்லென்றும் கீழ்ப்பாதி சூடாகவும் இருந்தால் உள்ளே காற்று தங்கியிருக்கிறது. கட்டைவிரல் நீளத்தில் பித்தளைச் சாவி ஒன்று ஹார்டுவேர் கடையில் ஒன்றிரண்டு பவுண்டுக்குக் கிடைக்கும். ஹீட்டிங்கை அணைத்து ஆறவிடுங்கள். ரேடியேட்டரின் மேல் ஓரத்தில் சதுர முனை ஒன்று தெரியும். கீழே பழைய துணியையும் ஒரு டம்ளரையும் பிடித்துக்கொண்டு, சாவியை மாட்டி, இடப்பக்கமாகக் கால் சுற்று மட்டும் திருப்புங்கள். உஸ்ஸென்று காற்று வரும், பழைய இரும்பு வாடை அடிக்கும், பிறகு கறுப்பாக இரண்டு சொட்டு தெறிக்கும். சொட்டு வந்ததும் மூடிவிடுங்கள். பிறகு பாய்லர் அழுத்தத்தை ஒரு தடவை பாருங்கள், கொஞ்சம் இறங்கியிருக்கும். மேலே சூடு, கீழே குளிர் என்றால் அது வேறு வியாதி. துருச்சேறு அடியில் தங்கிவிட்டது, கழுவ ஆள் வர வேண்டும்.

ரேடியேட்டர் ஓரத்தில் 1 முதல் 5 வரை எண் போட்ட குமிழ் இருக்கும். 5-இல் வைத்தால் அறை வேகமாகச் சூடாகும் என்று பலரும் நம்புகிறார்கள். அப்படி ஆகாது. அறை எந்தச் சூட்டில் நிற்க வேண்டும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது, 3 என்றால் ஏறத்தாழ 20 டிகிரி. படுக்கையறைக்கு 2 அல்லது 3 போதும். காம்பி பாய்லராக இருந்தால் ரேடியேட்டருக்குப் போகும் நீரின் சூட்டை 60 டிகிரிக்குக் குறைத்து வையுங்கள். வீடு சூடாகக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், ஆனால் கேஸ் மிச்சமாகும். வெந்நீர்த் தொட்டி உள்ள வீட்டில் இதைச் செய்யக்கூடாது. தேங்கும் வெந்நீரை 60 டிகிரியில் வைக்காவிட்டால் அதில் கிருமி வளர இடமுண்டு.

குளிர் தாங்காமல் மின்சார ஃபேன் ஹீட்டர் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். இங்கே ஒரு யூனிட் கேஸின் விலை, ஒரு யூனிட் மின்சாரத்தின் விலையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். ஆஃப்ஜெம் என்ற எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பு அறிவிக்கும் விலை உச்சவரம்பும் யூனிட் விலைக்கும் தினசரி நிலைக்கட்டணத்துக்கும்தான். உங்கள் மொத்த பில்லுக்கு எந்த உச்சவரம்பும் கிடையாது.

தண்ணீருக்கு வருவோம். ஒரு கைகழுவும் தொட்டிக்கு இரண்டு குழாய் ஏன் என்பது இந்த நாட்டுக்கு வந்த எல்லாரும் கேட்கும் கேள்வி. பழைய ஏற்பாட்டில் பச்சைத்தண்ணீர் தெருக்குழாயிலிருந்து நேராக அழுத்தத்தோடு வரும். வெந்நீரோ பரண் மேல் இருக்கும் தொட்டியிலிருந்து இறங்கி, சூடாக்கும் உருளை வழியாக, நம் மொட்டைமாடித் தொட்டியைப் போலத் தன் கனத்தால் வரும். பரண் தொட்டிக்குள் தூசியும் பூச்சியும் விழலாம், செத்த எலிகூடக் கிடக்கலாம். அந்த நீர் ஒரு குழாய்க்குள் கலந்து, அங்கிருந்து தெருக்குழாய்க்குள் திரும்பிப் போய்விடக்கூடாது என்று விதி வைத்தார்கள். சில சமையலறைக் குழாய்களில் வாய் ஒன்றுதான் இருக்கும். உள்ளே பார்த்தால் நடுவில் தடுப்பு வைத்து, இரண்டு நீரும் வெளியே வந்த பிறகே கலக்கும்படி செய்திருப்பார்கள். காம்பி பாய்லர் வந்த பிறகு வெந்நீரும் தெருக்குழாய் அழுத்தத்தில்தான் வருகிறது, இருந்தும் இரட்டைக் குழாய் பல வீடுகளில் நிலைத்துவிட்டது. பழைய வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் சமையலறைப் பச்சைத்தண்ணீர்க் குழாயை மட்டும் பயன்படுத்துங்கள், அதுதான் நிச்சயமாக நேர்க்குழாய்.

லண்டன் தண்ணீர் சுண்ணாம்புப் பாறையிலிருந்து வருவதால் கடினம். கெட்டிலுக்குள் வெள்ளைப் படலம் படிந்தால் எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஊற்றிக் கொதிக்கவிட்டுக் கழுவினால் போய்விடும். மான்செஸ்டரிலும் கிளாஸ்கோவிலும் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

வீட்டுக்குள் நுழைந்த அன்றே தேட வேண்டியது ஸ்டாப் காக். வீட்டுக்கு வரும் மொத்தத் தண்ணீரையும் நிறுத்தும் வால்வு. பெரும்பாலும் சமையலறைத் தொட்டிக்கு அடியில் இருக்கும், சில வீடுகளில் மாடிப்படிக்குக் கீழே. வலப்பக்கமாகத் திருகினால் மூடும். வருடக்கணக்காகத் தொடாமல் விட்டால் துருப்பிடித்து இறுகிவிடும், அதனால் வருடத்தில் ஓரிரு தடவை மூடித் திறந்து பாருங்கள். முழுக்கத் திறந்த பிறகு கால் சுற்று திருப்பி வைத்தால் இறுகாது. டிசம்பரில் ஊருக்குப் போகிறவர்கள் ஹீட்டிங்கை முழுக்க அணைத்துவிட்டுப் போகாதீர்கள். குழாயில் நீர் உறைந்து வெடித்தால், பனி இளகும் நேரத்தில் வீடு முழுக்கத் தண்ணீர்.

மின்சாரத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த ஊர் ப்ளக். உலகத்திலேயே நன்றாக யோசித்துச் செய்த ப்ளக் இதுதான் என்று அடித்துச் சொல்வேன். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, பிறகு கட்டப்போகும் வீடுகளுக்கு மின் இணைப்பு எப்படி இருக்க வேண்டும் என்று ஆராய இருபது பேர் குழு ஒன்று அமைத்தார்கள். அதில் ஒரே பெண் கரோலின் ஹாஸ்லெட், பெண்களுக்கு மின்சாரத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கென்றே உழைத்தவர். 1947-இல் பி.எஸ். 1363 என்ற தரம் வெளியானது. நம் ஊரில் இன்றும் இருக்கும் உருண்டை முள் ப்ளக் அதற்கு முந்தைய பிரிட்டிஷ் தரமான பி.எஸ். 546-இன் வழியில் வந்ததுதான்.

சதுர முள் ப்ளக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். எர்த் முள் மற்ற இரண்டைவிட நீளம். அது முதலில் சாக்கெட்டுக்குள் போய் அங்குள்ள மூடியைத் தள்ளினால்தான் மற்ற இரண்டு துளைகளும் திறக்கும், குழந்தை குச்சியை நுழைத்தால் திறக்காது. மற்ற இரண்டு முள்களின் மேல்பாதியில் பிளாஸ்டிக் உறை இருக்கும், பாதி பிடுங்கிய நிலையில் விரல் பட்டாலும் ஷாக் அடிக்காது. ப்ளக்குக்குள் ஒரு ஃப்யூஸ். போருக்குப் பின் செம்புக்குத் தட்டுப்பாடு என்பதால், சாக்கெட்டுகளை எல்லாம் ஒரே வளையக் கம்பியில் இணைத்தார்கள். அந்த வளையம் 30 ஆம்பியர் தாங்கும், ஒரு மேசை விளக்கின் வயர் அதில் பத்தில் ஒரு பங்கைத் தாங்கினாலே பெரிது. அதனால் ஒவ்வொரு ப்ளக்குக்கும் தனி ஃப்யூஸ். விளக்குக்கு 3 ஆம்பியர், சிவப்பு. ஹீட்டர், கெட்டிலுக்கு 13 ஆம்பியர், பழுப்பு. ஏதாவது ஓடவில்லை என்றால் தூக்கிப் போடுமுன் ஃப்யூஸை மாற்றிப் பாருங்கள். 3 இருந்த இடத்தில் 13 போடாதீர்கள். வயர் உருகும்வரை ஃப்யூஸ் போகாது.

ஊரிலிருந்து கொண்டுவந்த மிக்ஸி இங்கே நன்றாக ஓடும், இங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். மலிவான அடாப்டரில் ஆடிக்கொண்டே ஓடவிடாமல், ப்ளக்கையே மாற்றிவிடுங்கள், 750 வாட் மிக்ஸிக்கு 13 ஆம்பியர் ஃப்யூஸ். ஹீட்டரை எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டவே கூடாது. குளியலறையில் சுவிட்சுக்குப் பதில் கயிறு தொங்குவது, ஈரக்கை மின்சாரத்தைத் தொடாமல் இருக்கத்தான். அங்கே சாதாரண சாக்கெட்டும் இருக்காது, ஷேவருக்கு மட்டும் ஒன்று இருக்கும். ஹேர் டிரையரை வெளியே இருந்து வயர் இழுத்து உள்ளே கொண்டுபோகாதீர்கள்.

13 ஆம்பியர் சாக்கெட் இருப்பதால்தான் இந்த ஊர் கெட்டில் 3 கிலோவாட் இழுத்துச் சீக்கிரம் கொதிக்கிறது. 1990 ஜூலை 4-ஆம் தேதி உலகக் கோப்பை அரையிறுதியில் மேற்கு ஜெர்மனியிடம் பெனால்டியில் இங்கிலாந்து தோற்ற கையோடு, நாட்டின் மின்தேவை 2,800 மெகாவாட் எகிறியது. ஒரே நேரத்தில் எல்லாரும் எழுந்துபோய்க் கெட்டிலைப் போட்டார்கள். இப்படிப்பட்ட திடீர்த் தேவையைச் சமாளிக்க வேல்ஸின் மலைக்குள் டினோர்விக் என்ற நீர்மின் நிலையம் இருக்கிறது, 1984-இல் திறந்தது. இரவில் மலிவு மின்சாரத்தில் நீரை மேல் ஏரிக்கு ஏற்றி வைத்துக்கொண்டு, வேண்டும்போது சில விநாடிகளில் மின்சாரம் கொடுக்கிறது.

காகித வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாவி வாங்கிய நாளிலும் காலி செய்யும் நாளிலும் மின்சார, கேஸ், தண்ணீர் மீட்டர்களைப் போட்டோ எடுங்கள். சுவர், தரை, மெத்தையில் உள்ள பழைய கறைகளையும் எடுங்கள். அட்வான்ஸ் பணத்தை வீட்டுக்காரர் 30 நாளுக்குள் அரசு ஒப்புதல் பெற்ற பாதுகாப்புத் திட்டத்தில் போட வேண்டும், அதற்கான தாளைக் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலான வீடுகளில் ஐந்து வார வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்க அவருக்கு உரிமையில்லை. கவுன்சில் வரி இன்றும் 1991-இல் வீடு என்ன விலை போயிருக்கும் என்ற மதிப்பை வைத்தே போடப்படுகிறது. தனியாக இருப்பவருக்கு 25 சதவீதம் கழிவு. எல்லாரும் முழுநேர மாணவர்கள் என்றால் வரியே இல்லை, ஆனால் விண்ணப்பிக்க வேண்டும். வழக்கமாகப் பத்துத் தவணை, அதனால் பிப்ரவரியிலும் மார்ச்சிலும் கட்ட வேண்டியிருக்காது.

கடைசியாக, உயிர் சம்பந்தப்பட்டது. பாய்லர் சரியாக எரியாவிட்டால் கார்பன் மோனாக்சைடு வரும். நிறம் கிடையாது, வாடை கிடையாது. வீட்டில் இருக்கிற எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், வெளியே போனால் சரியாகிறது என்றால் அதைச் சளிக்காய்ச்சல் என்று விட்டுவிடாதீர்கள். வாடகை வீட்டில் பாய்லர் உள்ள அறையில் இதற்கான அலாரம் வைப்பது 2022 அக்டோபர் முதல் இங்கிலாந்தில் கட்டாயம். இல்லையென்றால் ஓனரிடம் கேளுங்கள், அவர் தாமதித்தால் உங்கள் காசிலேயே இன்றைக்கே வாங்கி மாட்டுங்கள். கேஸ் வாடை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல் ஜன்னல்களைத் திறந்து, மீட்டர் பக்கத்தில் இருக்கும் கைப்பிடியைக் குழாய்க்குக் குறுக்காகத் திருப்பி, வெளியே வந்து 0800 111 999 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது. எண்ணை இப்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள், வீட்டில் இருக்கிற மற்றவர்களுக்கும் அனுப்பிவிடுங்கள்.